இசில்டா அக்கா கொடுத்த பாட்டில்

வெர்லினுக்கு நீட்டிய தம்ளரை அவள் கணவன் நோரிஸ் நடுவில் புகுந்து வாங்கிக்கொண்டான்.

"பொறுக்கலையே இவனுக்கு" என்று சிரித்தாள் அடுத்த வீட்டு இசில்டா. "ஒரு வாய்ல என்ன ஆயிடப்போகுது? சத்தியத்துக்கும் பண்டிகைன்னா லீவு உண்டு."

கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகக் கொடுத்துக்கொள்ளும் சோரல் என்ற சிவப்புப் பூ பானம் அது. இசில்டாவின் பாட்டிலில் சோரலைவிட ரம்தான் அதிகம் என்பது ஊரறிந்தது. ஆனாலும் கொடுத்தவர் கண்ணெதிரே ஒரு வாயாவது குடித்துக் காட்டாவிட்டால் மரியாதை இல்லை.

நோரிஸ் கண்ணை மூடிக்கொண்டு, கஷாயம் குடிப்பதுபோல் ஒரே மடக்கில் குடித்து முடித்தான். பார்த்துக்கொண்டிருந்த வெர்லினுக்குத் தொண்டை வறண்டது.

இசில்டா போனதும் வெர்லின் அடுப்படிக்குத் திரும்பினாள். இரவெல்லாம் வெந்நீரில் இஞ்சியோடும் கிராம்போடும் ஊறிய சோரல் இதழ்களைத் துணியில் போட்டுப் பிழிந்தாள். கைகள் மணிக்கட்டு வரை சிவந்தன. எப்போதும் இந்தப் பானையில் அரை பாட்டில் ரம்மாவது விழும். இந்த வருஷம் ஒரு சொட்டு கிடையாது.

இனிக் குடிப்பதில்லை என்று சபையில் எல்லோர் முன்னாலும் சத்தியம் செய்து இன்றோடு நூற்றுப் பத்து நாள். காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வருவது வெர்லின்தான்.

போன கிறிஸ்துமஸ் விருந்தில் நடந்த கூத்தை நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசியது. உடைந்த தட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டுவிட்டு, மாண்டெவிலில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போனவள்தான் மகள் கெரிஷா. ஒரு வருஷம் கழித்து இன்றைக்குத்தான் வருகிறாள். பழைய கதை கொஞ்சம் தெரிந்தாலும் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவதாகப் போனில் சொல்லியிருந்தாள். அதன்பிறகு எப்போதும் வரமாட்டாள் என்பதை அவள் சொல்லவில்லை. வெர்லினுக்கே தெரியும்.

பானையை மூடிவிட்டு எட்டிப் பார்த்தாள். நோரிஸ் வராந்தாவில் இசில்டாவின் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தான். பாதிக்கு மேல் காலி.

"அதைக் கொட்டிடலாமே" என்றாள் மெல்ல.

"சாக்கடையில சிவப்பா ஓடினா அவளுக்குத் தெரியாதா? ஊர் பூரா சொல்லுவா." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நானே முடிச்சிடறேன். நீ உள்ளே போ."

யாரைப் பார்த்து என்ன சொல்ல அவளுக்கு அருகதை இருக்கிறது? உள்ளே போய்ப் பானையைத் திறந்து சர்க்கரையை அள்ளிப் போட்டாள்.

கீழே சாலையில் பஸ் ஹாரன் கேட்டது.

படியேறி வந்த கெரிஷாவைக் கண்டதும் நோரிஸ் எழுந்தான். எழுந்த வேகத்தில் தடுமாறித் தூணைப் பிடித்துக்கொண்டான். அவன் கையிலிருந்த தம்ளரை அவள் வாங்கி முகர்ந்தாள். கதவோரம் நின்ற வெர்லின், மகளின் தோளில் தொங்கிய பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இப்போது வாசல் பக்கம் திரும்பிவிடும்.

கெரிஷா தம்ளரைக் கீழே வைத்தாள். அப்பாவின் கன்னத்தைத் தட்டி, அவனை நாற்காலியில் உட்காரவைத்தாள். பிறகு நேராக அடுப்படிக்கு வந்தாள்.

வெர்லின் அவசரமாகத் தன் பானையிலிருந்து ஒரு தம்ளர் மொண்டு நீட்டினாள். "ஒரு சொட்டுகூட ரம் இல்லடி. குடிச்சுப் பாரு."

கெரிஷா அதை வாங்கவில்லை. அம்மாவின் முகத்தருகே, மூச்சுப் படுகிற தூரத்துக்கு வந்து நின்றாள்.

"ஊதிக் காட்டும்மா."