முகபாவம் போதவில்லை

விஷவாயு தாக்கிக் கழிவுநீர்த் தொட்டியில் இறந்த இளைஞனைத் தாய் மடியில் ஏந்தியிருக்கும் காட்சியைப் பழைய எண்ணெய் ஓவியத்தின் சாயலில் படமாக்க விரும்பினார் புகைப்படக்காரர். தாயாக அமர்வதற்கு எட்டுப் பேர் வந்தும் அவர் மனம் நிறையவில்லை. ஒன்பதாவதாக வந்தவள், “ஒரே ஒரு தடவை உக்காந்து பாக்குறேன் சார்” என்று தானாகவே கேட்டு வந்தவள்.

ஜன்னலோரம் அவளை அமர்த்தி, பிணமாக நடிக்க வந்த, சேறு பூசிய மாடல் பையனை மடியில் கிடத்தினார்கள்.

“மேல பாருங்கம்மா. பழைய ஓவியத்துல அம்மா வானத்தைத்தான் பார்ப்பாங்க.”

அவளோ குனிந்து, சேலைத் தலைப்பால் அவன் காதிலிருந்த சேற்றைத் துடைத்தாள்.

“ஐயோ, ரெண்டு மணி நேர மேக்கப்பும்மா!”

“கூசுது ஆன்ட்டி” என்று பிணம் சிரித்தது.

“சும்மா கெடடா” என்று அதட்டிவிட்டு, மூக்கோரம் துடைக்கத் தொடங்கினாள்.

புகைப்படக்காரர் பொறுமை இழந்தார். “கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. பெத்தவ துக்கம் இப்படியா இருக்கும்? எழுந்திரிங்கம்மா, உங்களுக்கு இது வராது.”

அவள் நிமிரவில்லை.

“வேற ஆளையே வெச்சுக்கங்க சார். இந்த மொகத்தை மட்டும் தொடச்சுட்டு எழுந்துக்கறேன். எம்புள்ளையும் தொட்டியிலதான் போனான். பெட்டியை மூடித்தான் குடுத்தாங்க. தொடவே விடல.”