வேலியில் கட்டிய பாட்டில்

"ஜெஸ்னா ஊட்டுல மாம்பழத்தை அறுத்து வெச்சாலும் ஒரு ஈ வர்றதில்ல. நம்மூட்டுலதான் மூடி மூடித் திங்க வேண்டியிருக்குது" என்றார் கற்பகத்தின் புருசன்.

கற்பகத்துக்குச் சோறு இறங்கவில்லை. முதலமடை முழுக்க மாந்தோப்பு, சீசன் வந்தால் எல்லார் வீட்டிலும் ஈதான். பக்கத்து வீட்டுக்காரிக்கு மட்டும் அப்படி என்ன வரம்?

மறுநாள் கண்டுபிடித்துவிட்டாள். நடுவேலியில், கற்பகத்தின் அடுக்களை ஜன்னலுக்கு நேராக, ஜெஸ்னா ஒரு மஞ்சள் பாட்டிலைக் கட்டியிருந்தாள். விவசாய ஆபீசான கிருஷிபவனில் கொடுத்த ஈ மருந்து. ஜெஸ்னா கோபாலபுரம் போன நேரம் பார்த்து அதை அவிழ்த்து வந்து, தன் அடுப்புக்கு மேலே மாட்டினாள்.

மூன்றே நாளில் அடுக்களைக்குள் நிற்க முடியவில்லை. அப்படி மொய்த்தது ஈ.

அன்று ஜெஸ்னா வாசலுக்கு வந்தாள். "அக்கா, வேலியில கட்டுன பாட்டிலைக் காணோமுங்க. அது ஈயை வெரட்டற மருந்தில்லீங்க, வாசத்தைக் காட்டி இழுக்கற மருந்து. ஊட்டை விட்டுத் தள்ளித்தான் கட்டோணும்னு சொன்னாங்க."

'தள்ளின்னா, என் ஜன்னலுக்கு நேராவா?' என்று கேட்கக் கற்பகத்துக்கு நாக்கு துடித்தது. பாட்டில் அடுப்புக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

"நான் பாக்கலையே" என்றாள், உதட்டில் உட்கார்ந்த ஈயை ஓட்டிக்கொண்டே.