வேப்பிலைப் பொட்டலம்

“மூணு பேருமே வேணாம்!”

இராக்கம்மா போட்ட சத்தத்தில், மாரியம்மன் கோயில் முன்னால் கூடியிருந்த லயத்து வரிசை வீடுகளின் சனம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

நமுனுகுல மலையில் இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்குத் திருவிழாத் தலைவரைப் பெரிய கங்காணிதான் நியமிப்பது வழக்கம். இந்த வருஷம் அவர் ஆள் சேர்க்க இந்தியாவுக்குப் போய்விட்டார். போகும்போது, “நீங்களே பூக்கட்டிப் பாத்து ஒருத்தர வச்சுக்கங்க” என்று சொல்லியிருந்தார்.

தலைவருக்குப் பெரிய வேலை ஒன்றுதான். தோட்டத்தை நடத்தும் துரை முன்னால் நின்று லீவு கேட்க வேண்டும். லீவு இல்லையென்றால் திருவிழாவும் இல்லை.

மேட்டு லயத்தார் வீரசிங்கத்தை நிறுத்தினார்கள். நடு லயத்தார் மாரிசாமியை. பள்ளத்து லயத்தார் சடையனை.

“வீரசிங்கம் அண்ணன் தொரையக் கண்டா ‘சலாம் தொரை’ம்பாரு. அதோட சரி, வாய் பூட்டிக்கும்” என்றாள் இராக்கம்மா. “மாரிசாமி வாயத் தொறந்தா, அவரு பேசறதுக்கு முந்தி சாராய வாடை பேசும். சடையன் மாமாவச் சொல்லவே வேணாம். மொதத் தேங்காய நான்தான் ஒடைப்பேன்னு சண்டை போட்டு, போன வருஷத் திருவிழாவையே நிறுத்தின மகராசன்!”

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள்.

இராக்கம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மகள் அங்கம்மாவுக்கு அம்மை போட்டபோது, பிள்ளை பிழைத்தால் தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள். போன வருஷம் அது நடக்கவில்லை. இந்த வருஷமும் தள்ளிப்போனால் ஆத்தா பொறுப்பாளா? பிள்ளைக்கு உடம்பு லேசாகச் சுட்டாலே அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

“அதுக்கு என்ன செய்யணுங்கறே தாயி?” என்று கேட்டார் பூசாரி.

“ஆளுக்கொரு பூ கட்டுவீங்கள்ல? அதோட நாலாவது பொட்டலத்துல வேப்பிலைய வைங்க. அது வந்தா, மூணு பேரும் வேணாம்னு ஆத்தாளே சொன்னதா அர்த்தம்.”

இந்த யோசனை எல்லோருக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் அம்மன் காலடியில் நான்கு இலைப் பொட்டலங்கள் வரிசையாக இருந்தன. அங்கம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பூசாரி பிரித்தார்.

வேப்பிலை!

ஆரவாரம் மலையில் மோதித் திரும்பியது. அப்படியானால் யார்தான் தலைவர் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏதோ சாதித்துவிட்ட மாதிரி எல்லோரும் சந்தோஷமாகச் சோறாக்கப் போய்விட்டார்கள்.

இராக்கம்மா பாதி வழியில் நின்றாள். நிஜமாகவே ஆத்தா சொன்னதுதானா? அதைத் தெரிந்துகொள்ளாமல் அவளுக்குச் சோறு இறங்காது. திரும்பி வந்து, மிச்சப் பொட்டலங்களைப் பிரித்தாள்.

மூன்றிலும் வேப்பிலைதான்.

“என்ன பூசாரி இது? ஆத்தா பேரச் சொல்லி எங்கள ஏமாத்துறீங்களா?”

பூசாரி பதறவில்லை. “நேத்து அந்த மூணு பேரும் ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் வந்தாங்க. என் பூவக் கட்டாதீங்க, நமக்கு அந்த வேலை சரிப்படாது, லயத்துக்காரங்கதான் புடிச்சுத் தள்ளிட்டாங்கன்னு சொன்னாங்க. மூணு பூவும் வேணாம்னா நான் வேற எதக் கட்டுறது?”

இராக்கம்மா கையிலிருந்த வேப்பிலையைத் திரும்பப் பொட்டலத்திலேயே வைத்தாள்.

“இன்னொண்ணும் சொன்னாங்க. தொரைகிட்ட பயமில்லாமப் பேச இந்தத் தோட்டத்துல ஒரே ஆளுதான் இருக்காம்.”

“யாராம்?”

“நீதான் தாயி.”

மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லோரும் வரிசையில் நின்றார்கள். இராக்கம்மா ஓரடி முன்னால் வந்தாள். வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்து வந்த பேச்சு நாக்கு நுனியில் இருந்தது.

துரை தொப்பிக்கு அடியிலிருந்து அவளைப் பார்த்தார். “என்னா?”

“சலாம் தொரை” என்றாள் இராக்கம்மா.

அவ்வளவுதான். மற்றதெல்லாம் எங்கே போனதோ! காது மடல் சுட, பின்னாலிருந்து சிரிப்பு கிளம்பப்போகிறது என்று காத்திருந்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. வலது பக்கம் ஒருவர் வந்து நின்றார்.

“கோயில் திருவிழாங்க தொரை.” வீரசிங்கத்தின் குரல் நடுங்கியது.

இடது பக்கம் மாரிசாமி. தலை குளித்து, நெற்றி நிறையத் திருநீறு. “ரெண்டு நாள் லீவு வேணுங்க.” அவர் வாயில் வெற்றிலை மணம் மட்டும்தான் இருந்தது.

“கொழுந்து முத்திப்போகும். முடியாது. போ, போ” என்று துரை திரும்பி நடந்தார்.

சடையன் வரிசையை இடித்துக்கொண்டு முன்னால் ஓடினார். “தொரை! மொதத் தேங்காய நீங்கதாங்க ஒடைக்கணும்!”

துரை நின்றார். மீசை லேசாக அசைந்தது. “ஒரு நாள்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தீச்சட்டி எடுக்க ஒரு நாள் போதும். இராக்கம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கூடையோடு மலையேறும்போது ஒருத்தி கேட்டாள். “ஏன்க்கா, அப்ப இந்த வருஷம் யாருதான் தலைவர்?”

“மூணு பேரும்தான்டி” என்றாள் இராக்கம்மா. “அவங்களப் பாத்து இனி எவளாவது சிரிச்சீங்க, அப்புறம் நான் பொல்லாதவளாயிடுவேன்!”