ஆளோடு அளந்த உயரம்

காலையிலிருந்து மண்டியில் பருப்பு மூட்டை சுமந்து சேவுகனுக்கு இடுப்பு கழன்று விழுவது போல வலித்தது. அடுத்த லாரி வந்து நின்ற நேரம் பார்த்து, எதிர்ப் பட்டறை மெக்கானிக் ஆரோக்கியம் கூப்பிட்டான்.

"அண்ணே, கொஞ்சம் வந்து உட்காருங்க. வண்டியோட உயரம் சரி பண்றேன். வண்டிக்காரரும் உங்க கனம்தான். ஆளை ஏத்தி அளந்தாத்தான் சரியா நிக்கும்."

நீள மூக்கு வைத்த பழைய அமெரிக்க கார். இடது பக்கம் இருந்த ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சேவுகன் சாய்ந்தான். சீட்டு மெத்தென்று அமுங்கி இடுப்பை வாங்கிக்கொண்டது. ஆரோக்கியம் அடியில் படுத்து போல்ட்டைத் திருகுவான், எழுந்து மட்கார்டை அமுக்கி ஆட்டுவான், டயருக்கு மேலே உள்ள இடைவெளியை டேப்பில் பார்ப்பான், மறுபடி படுப்பான்.

"என்ன மாப்ளே, முதலாளி ஆயிட்டியா? என் கழுத்து ஒடியுது, இறங்கி வாடா!" லாரியருகிலிருந்து சுமை ஜோடிக்காரன் செல்லையா கத்தினான்.

"இறங்கினா அளவு போயிடும்ணே," என்று ஆரோக்கியம்தான் பதில் கொடுத்தான்.

ஒரு வழியாக இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு வந்தன.

"சரியாயிடுச்சு. இறங்குங்கண்ணே."

சேவுகன் கண்ணாடி வழியே பார்த்தான். லாரியில் பாதிச் சுமை, பதினாறு மூட்டை, இன்னும் கிடந்தது. அது அவன் பங்கு.

"வலது பக்கம் தூக்கலாத் தெரியுதே தம்பி. இன்னொரு தடவை பாத்துரு."

ஆரோக்கியம் டேப்பைப் பார்த்தான், சேவுகன் முகத்தைப் பார்த்தான். மறுபடி அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

சேவுகன் இறங்கியபோது காலி லாரி கிளம்பிக்கொண்டிருந்தது. செல்லையா முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் குடித்தான். அவனுக்குச் சேவுகன் பதினாறு மூட்டை பாக்கி.