வியாழக்கிழமைப் பயம்

“சார், அந்தச் சீப்பை டிவியில எரிச்சுட்டாங்க. ஆனா அது இப்ப எங்க வீட்டு அலமாரியில வந்து உட்கார்ந்திருக்கு. கை காலெல்லாம் உதறுது சார்.”

போனில் இப்படிப் புலம்பிய நர்ஸம்மா, நாற்காலியில் சாவகாசமாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். வியாழன் மதியம் மூன்றரை மணி. சாபம் பிடித்த சீப்பு பற்றிய பேய்த் தொடர் அப்போதுதான் முடிந்திருந்தது. அந்தச் சீப்பால் தலை வாரியவர்கள் வாரத்துக்கு ஒருவராகச் செத்துக்கொண்டிருந்தார்கள்.

“பதறாதீங்கம்மா. இன்னிக்கு என்ன நடந்துச்சு? ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க.”

ஒவ்வொரு வாரமும் அந்தக் குரல் இதைத்தான் கேட்கும். நேயர்களின் ரசனையை இப்படித்தான் எடை போடுவார்கள் போலிருக்கிறது என்று, நர்ஸம்மாவும் ஒரு காட்சி விடாமல் ஒப்பிப்பார்.

முப்பது வருஷம் பிணவறைக்குப் பக்கத்து வார்டில் வேலை பார்த்தவர், போயும் போயும் ஒரு சீப்புக்கா பயப்படுவார்? எல்லாம் நடிப்பு. கணவர் போன பிறகு வீட்டில் வாயைத் திறக்கவே வழியில்லை. மகன் கூப்பிட்டால், “மாத்திரை போட்டியாம்மா?” என்பதோடு சரி.

தொடர் ஆரம்பித்த வாரம், திரைக்குக் கீழே ஓடிய நேயர் எண்ணை அவசரமாகக் கிறுக்கிக்கொண்டு போன் போட்டார். “டிவி ஆபீஸா? பயமா இருக்கு சார்” என்றார். சற்றுத் தயங்கிவிட்டு, “சொல்லுங்கம்மா” என்றது அந்தக் குரல். அன்றிலிருந்து இந்த அரைமணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் அவர் தள்ளிக்கொண்டிருந்தார்.

இன்றோடு தொடர் முடிந்துவிட்டது. கதை சொல்லி முடித்ததும் நர்ஸம்மா காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சார், ஒரு உண்மையைச் சொல்லிடறேன். எனக்குப் பயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பேச ஆளில்லாம இத்தனை நாளா ரீல் விட்டேன். உங்க வேலையக் கெடுத்துட்டேன், மன்னிச்சுடுங்க.”

திட்டு வாங்குவதற்குள் வைத்துவிடலாம் என்று போனைக் காதிலிருந்து எடுத்தார்.

“வெச்சுடாதீங்கம்மா. அடுத்த வாரமும் பேசுங்க.”

“தொடர்தான் முடிஞ்சுபோச்சே. இனிமே உங்க ஆபீஸுக்கு என்னன்னு சொல்லி போன் பண்றது?”

“இது டிவி ஆபீஸ் இல்லம்மா, என் வீடு. இங்க டிவியே கிடையாது.”