திறப்பு விழா

எழுந்தேன். பல் துலக்கினேன். சோளமாவுக் கஞ்சி காய்ச்சினேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு மாவு என்பது இன்னும் பிடிபடவில்லை. மிச்சத்தைக் கோழிக்குக் கொட்டினேன். கழுத்துக் கயிறு வெளியே தெரியாதபடி சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டுக்கொண்டேன்.

இன்று எங்கள் ஊர் அடிகுழாய்க்குத் திறப்பு விழா.

குழாய் மழைக்கு முன்பே தயார். தண்ணீர் வந்தது, சோதித்தார்கள், நல்ல தண்ணீர் என்றார்கள், சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். வெளிநாட்டு விருந்தாளிகள் வந்து திறக்க வேண்டுமாம். அதற்குமுன் ஒரு சொட்டு எடுத்தாலும் அடுத்த குழாய் வேறு ஊருக்கு.

விருந்தாளிகளுக்கு முதலில் விடுமுறை. பிறகு மாநாடு. மாநாட்டின் தலைப்பு, அனைவருக்கும் பாதுகாப்பான குடிநீர்.

நாங்கள் ஷிரே ஆற்றில் மொண்டோம். காலரா வந்தது. போன வாரம் என் மனைவி தமண்டா இறந்தாள்.

செய்தி போனதும் விருந்தாளிகளுக்கு நேரம் கிடைத்துவிட்டது.

பெண்களுக்கு விழாவுக்கென்று சித்தெஞ்சே துணி கொடுத்திருந்தார்கள். இடுப்பில் சுற்றினால், குழாய் போட்டுக் கொடுத்த தர்ம நிறுவனத்தின் முத்திரை சரியாகப் பின்பக்கம் வந்து நிற்கிறது.

"உக்காராதீங்கடி, தர்மவான்லாம் நசுங்கிருவாங்க" என்றாள் பக்கத்து வீட்டு எஸ்நாத் அக்கா. சிரித்தார்கள்.

நிறுவனத்து அதிகாரி காலுவா, பிளான்டயர் நகரத்தில் அச்சடித்துக் கொண்டுவந்த பலகையை எனக்கு மட்டும் திறந்து காட்டினார். தமண்டா நினைவாக. கீழே, அவள் கடைசியாகச் சொன்னதாக ஒரு வரி: 'என் ஊருக்குச் சுத்தமான நீர் கிடைக்கட்டும்.'

"அவ இப்படிச் சொல்லலையே."

"சொல்லியிருப்பாங்க தம்பி. படிச்ச பிள்ளை நீங்க, மைக்கில நல்லா வாசிங்க. விருந்தாளிங்க அழுதுட்டாங்கன்னா கக்கூஸ் திட்டமும் நமக்குத்தான்."

ரிப்பனை வெட்டினார்கள். கைதட்டல். குலவை. ஒரு வெள்ளைக்காரர் கண்ணாடி டம்ளரோடு குழாயடிக்குப் போனார்.

சங்கிலி அப்படியே இருந்தது.

காலுவா ஊர்த் தலைவரைப் பார்த்தார். தலைவர் என்னைப் பார்த்தார். குழாய்க் கமிட்டியில் சாவி யாரிடம் இருந்தது என்று பலகை எழுதியவர்கள் விசாரித்திருக்கவில்லை.

மேல் பொத்தானைக் கழற்றினேன். கயிற்றை வெளியே இழுத்தேன். சாவி வெயிலில் மின்னியது.

காலுவா மைக்கை நீட்டினார். பலகையைப் பார்க்காமல், காலராக் கூடாரத்தில் தன் கழுத்திலிருந்து இந்தக் கயிற்றைக் கழற்றி என் கையில் வைத்தபோது தமண்டா சொன்னதைச் சொன்னேன்.

"யார் கேட்டாலும் தொறந்துராதீங்க. விருந்தாளிங்க இன்னும் வரல."