மெஷின் துடைக்காத மூலை

அம்சவேணி எடுத்த படங்களிலெல்லாம் அவள் கட்டைவிரல் ஒரு மூலையை மறைத்திருக்கும். முப்பது வருடம் அதைச் சொல்லிச் சொல்லியே கிண்டல் செய்த கணவர் தணிகாசலம், அவளுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அந்த விரலைத் தேடிப் படக்கூடத்துக்குப் போனார். பழைய படங்களை, உள்ளே நடந்து பார்க்கும் அறைகளாக விரித்துக் காட்டுவார்கள் அங்கே.

எந்த அறையிலும் விரல் இல்லை.

“சேமிக்கும்போதே மெஷின் துடைச்சிடும் சார். இடம் மிச்சமாகும்ல,” என்றாள் அங்கே வேலை பார்க்கும் ரெஜினா. “வேணும்னா புதுசா ஒரு விரல் வரையச் சொல்லவா?”

“அது யாரோட விரலும்மா?”

அவள் அறைகளை ஒவ்வொன்றாக மாற்றினாள். மகாபலிபுரம் கடற்கரை வந்தது. குழந்தையாக இருந்த மகள் மணலில் நின்றாள். வானத்தின் மூலையில் செக்கச்செவேலென்று ஒரு மங்கல்.

“அந்தி வானம் நல்லாருக்கு சார். பிரேம் போட்டுத் தரட்டுமா?”

“அந்தியா? கால் சுடுதுன்னு பாப்பா அழுத உச்சி வெயில்ம்மா அது.”

வெயில் ஊடுருவிய விரலை வானம் என்று நம்பி விட்டுவைத்திருந்தது மெஷின். தணிகாசலம் மணலில் நடந்து அந்தச் சிவப்பின் அடியில் போய் நின்றார்.

“வேணி, விரலை எடு. மறைக்குது பார்,” என்றார்.